முதலில் நானா, பிறரா? பௌத்தம் காட்டும் நான்கு வழிகளும் அவற்றின் மறைமுக விலையும்

பௌத்த நூல்களை வாசிக்கத் தொடங்கி, வாசித்ததைக் கொஞ்சம் செய்தும் பார்க்கிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்: "தினமும் கண்ணை மூடி என் மனத்தையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். சுற்றிலும் இத்தனை பேர் துன்பப்படும்போது இது சுயநலம் இல்லையா?" எதிர்முனையில் நிற்பவர்களும் கேட்கிறார்கள்: "எல்லோருக்காகவும் ஓடி ஓடி ஓய்ந்துபோனேன். இப்போது யாரைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வருகிறது. கருணை வழி என்பது இதுதானா?"

இருவருக்கும் ஒரே மருந்தை எழுதித் தர முடியாது. பௌத்த மரபும் அப்படி எழுதித் தரவில்லை. தன்னலத்தைக் கரைக்க அதற்குள் குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் வழிகள் அவை. எது உயர்ந்தது என்று பௌத்தத்தின் இரு பெரும் பிரிவுகளான தேரவாதமும் மகாயானமும் நூற்றாண்டுகளாக வாதிட்டிருக்கின்றன; அந்த வழக்கைத் தீர்க்க இங்கே இடமில்லை. எந்த நிலையில் இருப்பவர் எதிலிருந்து தொடங்கலாம் என்பதை மட்டும் பார்க்கலாம்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு குற்ற உணர்வை இறக்கி வைத்துவிட வேண்டும். கோசல மன்னன் பசேனதி தன் ராணி மல்லிகையிடம், "உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா?" என்று கேட்டான். என்ன பதிலை எதிர்பார்த்திருப்பான் என்று ஊகிப்பது கடினமில்லை. மல்லிகை, "இல்லை மகாராஜா. உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அவனுக்கும் அப்படித்தான். இந்த உரையாடல் புத்தரிடம் போனபோது அவர் இருவரையும் கண்டிக்கவில்லை. எந்தத் திசையில் தேடினாலும் தன்னைவிடப் பிரியமான ஒருவரை யாரும் கண்டதில்லை. மற்றவர்களுக்கும் அவரவர் அப்படியே. ஆகவே தன்னை நேசிப்பவர் பிறரைத் துன்புறுத்தலாகாது என்றார். சங்யுத்த நிகாயம், உதானம் என்ற பாலி மொழித் தொகுப்புகளில் இந்த நிகழ்ச்சி வருகிறது. தன்மேல் உள்ள பிரியத்தை அவர் குற்றப்பத்திரிகையில் சேர்க்காமல் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். கீழே வரும் நான்கு வழிகளும் இந்தச் சாட்சியை வெவ்வேறு விதமாகக் குறுக்கு விசாரணை செய்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், "நான்" எங்கே ஒளிந்துகொள்கிறது என்பது. "இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா" என்ற மூன்று பிடிகளைப் பாலி சுத்தங்கள், அதாவது புத்தரின் உரைகள், ஓயாமல் குறிப்பிடுகின்றன. உரையாசிரியர்கள் இவற்றை முறையே வேட்கை, செருக்கு, பார்வை என்று பிரித்தார்கள். செருக்கு என்றால் "நான் உயர்ந்தவன்" என்பது மட்டுமல்ல. "நான் சமமானவன்", "நான் தாழ்ந்தவன்" என்ற அளவீடுகளும் செருக்கின் வகைகளே. "நானெல்லாம் ஒன்றுமே இல்லை" என்று தேய்ந்துபோகும் தியாகிகளுக்கு இது சங்கடமான செய்தி. இந்தச் செருக்கு முற்றாக அறுவது முழு விடுதலையான அரகந்த நிலையில்தான் என்கிறது மரபு. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் கொஞ்சம் தன்னலம் கூடவே நடந்து வரும். அதற்காக வழியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது எந்தப் பக்கமாக வருகிறது என்று தெரிந்தால் போதும்.

இரண்டாவது, தாக்குப்பிடிக்கும் தன்மை. மூன்றாவது, எதிரில் இருப்பவருக்கு உண்மையில் ஏதாவது கிடைக்கிறதா என்பது. நான்காவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: நீங்கள் எடுக்கும் வழிக்கு வேறு யார் விலை கொடுக்கிறார்கள்?

## வழி 1: தன்னைச் சீர்செய்வது முதலில்

பிறர் நலம் எவ்வளவு பெரிதானாலும் அதற்காகத் தன் நலத்தைக் கைவிடலாகாது என்கிறது தம்மபதத்தின் 166-ஆம் பாடல். மேலோட்டமாகப் பார்த்தால் அப்பட்டமான சுயநலப் பிரகடனம். உரைக்கதை வேறு மாதிரிப் போகிறது. இன்னும் நான்கு மாதங்களில் தாம் மறையப்போவதாகப் புத்தர் அறிவித்ததும் பிக்குகள் பலர் கலங்கி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்ததத்தர் என்ற ஒருவர் மட்டும், ஆசான் இருக்கும்போதே விடுதலையை எட்டிவிட வேண்டும் என்று தனியே போய்ப் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அன்பில்லை என்று மற்றவர்கள் புகார் சொன்னார்கள். புத்தர் அவரைத்தான் பாராட்டினார்.

அங்குத்தர நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் இன்னும் கறாரான ஒரு வரிசை உண்டு. தனக்கும் பிறருக்கும் பயன்படாதவர் இரு முனையும் எரிந்து நடுவில் சாணம் பூசிய சுடுகாட்டுக் கொள்ளிக்கட்டை. ஊருக்கும் உதவாது, காட்டுக்கும் உதவாது. அவருக்கு மேலே, பிறருக்கு மட்டும் பயன்படுபவர். அவருக்கும் மேலே, தனக்கு மட்டும் பயன்படுபவர். உச்சியில் இருவருக்கும் பயன்படுபவர். நடுவிலுள்ள இரண்டு படிகளின் வரிசையைக் கவனியுங்கள். தன் ஆசையையும் வெறுப்பையும் தொடாமல் பிறருக்கு உபதேசம் செய்துகொண்டிருப்பவரை, ஓசையில்லாமல் தன்னைத் திருத்திக்கொள்பவருக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

இதற்கான காரணத்தை மூங்கில் கழைக்கூத்தாடி உவமை விளக்குகிறது. ஆசான் கழைமேல் ஏறிய சீடனிடம், "நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். சீடன் மறுக்கிறான்: "அது சரிவராது ஆசானே. நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன். அப்போதுதான் இருவரும் பத்திரமாக இறங்குவோம்." புத்தர் சீடன் பக்கம் நின்றார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. தன்னைக் காப்பவர் பிறரைக் காக்கிறார், பிறரைக் காப்பவர் தன்னைக் காக்கிறார் என்று இரண்டையும் சொன்னார். முதலாவது பயிற்சியால் நடக்கிறது. இரண்டாவது பொறுமையாலும் இம்சையின்மையாலும் அன்பாலும் பரிவாலும் நடக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் பாதியிலேயே நிறுத்திக்கொள்வது இந்தச் சுத்தத்தின் தலைவிதி.

மறைமுக விலை என்ன? துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய நூலே ஒரு சம்பவத்தைப் பதிந்து வைத்திருக்கிறது. வயிற்றுப்போக்கால் ஒரு பிக்கு தன் கழிவிலேயே கிடந்தார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. புத்தரும் ஆனந்தரும் தற்செயலாக அங்கே வந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். ஏன் கவனிக்கவில்லை என்று மற்றவர்களைக் கேட்டபோது கிடைத்த பதில்: "அவர் எங்களுக்கு எதுவும் செய்வதில்லை." தன்னைச் சீர்செய்துகொள்ள வீட்டையே விட்டு வந்தவர்களின் விகாரையில் நடந்த கணக்கு வழக்கு இது. "எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும்" என்ற புகழ்பெற்ற வாக்கு இந்த இடத்தில்தான் பிறந்தது.

நான்காவது அளவுகோலில் இந்த வழி இல்லறத்தாருக்குச் சரமாரியாக அடி வாங்குகிறது. நீங்கள் பத்து நாள் மௌன முகாமுக்குப் போகும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்? உங்கள் அமைதி யாருடைய தூக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறது? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இருந்தால் வழி நல்லதுதான். கோபம் கைமீறிப் போகிறவர், ஏதோ ஒரு பழக்கத்துக்கு அடிமையானவர், உதவி செய்யப்போய் ஒவ்வொரு முறையும் சண்டையில் முடிப்பவர் ஆகியோர் இதில் தொடங்குவதே மற்றவர்களுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

## வழி 2: மெத்தா, விரிந்துகொண்டே போகும் நட்பு

ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய தியானக் கையேடான விசுத்திமக்கம், மெத்தா என்ற இந்த நல்லெண்ணப் பயிற்சிக்குத் தெளிவான வரிசை தருகிறது: முதலில் தான், பிறகு மதிப்புக்குரியவர், பிறகு நெருங்கியவர், பிறகு வேண்டியவரும் வேண்டாதவருமல்லாத நடுநிலையாளர், கடைசியில் பகைவர். "நான் நலமாக இருக்கட்டும்" என்று தொடங்குவதால் இன்று இதைத் தன்னன்புப் பயிற்சியாகவே பலர் விற்கிறார்கள். புத்தகோசர் இதை முன்கூட்டியே மறித்திருக்கிறார். நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு தன்மேல் மட்டும் இந்த எண்ணத்தைச் செலுத்தினாலும் ஆழ்ந்த ஒருமை கைகூடாது என்கிறார். தன்னில் தொடங்குவது சாட்சிக்காக மட்டும்: "நான் இன்பத்தை விரும்புவதுபோலவே அவர்களும் விரும்புகிறார்கள்." மல்லிகையின் பதில் இங்கே பயிற்சியாக மாறியிருக்கிறது.

வரிசை எங்கே முடிய வேண்டும் என்பதற்கு அவர் தரும் சோதனை சில்லிட வைக்கும். நீங்கள், உங்கள் பிரியமானவர், நடுநிலையாளர், பகைவர் நால்வரும் ஓரிடத்தில் இருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, பலியிட ஒருவரைக் கொடு என்கிறார்கள். பகைவரைக் காட்டினால் தோல்வி என்பது யாருக்கும் புரியும். "என்னை எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற மூவரையும் விட்டுவிடுங்கள்" என்றாலும் தோல்விதான். தனக்குத் தீங்கு விரும்பி மற்றவருக்கு நலம் விரும்பினாலும் எல்லைக்கோடு அப்படியே நிற்கிறது. கொடுக்கத்தக்க ஒருவரையும் காணாதபோதுதான் கோடுகள் உடைந்தன என்று பொருள். தியாகமே கருணையின் உச்சம் என்று வளர்ந்த மனத்துக்கு இது நல்ல அதிர்ச்சி வைத்தியம்.

பகைவரிடம் வந்து மனம் முரண்டு பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு நீண்ட பட்டியலே உண்டு. இவர் ஏதோ ஒரு பிறவியில் என் தாயாக இருந்தவர் என்று எண்ணுவது. யார்மேல் கோபம், தலைமயிர் மீதா, நகத்தின் மீதா என்று உடலைப் பிரித்துப் பார்ப்பது என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசி ஆலோசனை மிக எளிமையானது: அவருக்கு ஏதாவது ஒரு பொருளைக் கொடு, அவர் கொடுப்பதை நீ வாங்கிக்கொள். தியானத்தால் முடியாததைக் கை செய்து முடிக்கட்டும் என்று ஒரு தியானக் கையேடே ஒப்புக்கொள்கிறது!

விலை குறைவான வழி இது. தனி இடம் வேண்டாம், தொடக்கத்தில் ஆசான் இல்லாமலும் சமாளிக்கலாம். குறை எங்கே என்றால், மனத்தளவில் எல்லா உயிர்களையும் தழுவிக்கொண்டு, பக்கத்து அறையில் இருப்பவருடன் மூன்று மாதமாகப் பேசாமலும் இருக்க முடியும். "எல்லோரும்" என்பது யாருமே இல்லாத ஒரு கூட்டமாகிவிடும். இன்னொரு ஆபத்தையும் விசுத்திமக்கம் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. ஒவ்வொரு நற்குணத்துக்கும் தூரத்துப் பகை ஒன்றும் பக்கத்துப் பகை ஒன்றும் உண்டு. மெத்தாவின் தூரத்துப் பகை வெறுப்பு, பக்கத்துப் பகை பற்று. கருணையின் தூரத்துப் பகை கொடுமை, பக்கத்துப் பகை துயரம். சமநிலையின் பக்கத்துப் பகை ஒன்றும் தெரியாத அலட்சியம். பக்கத்துப் பகை, நற்குணத்தின் முகத்தோடே வருவதால் வாசலில் யாரும் தடுப்பதில்லை.

துயரம் ஏன் கருணையின் பகை என்று விளங்காதவர்களுக்கு ஆய்வகத்திலிருந்தும் ஒரு சான்று. திபெத்திய மரபில் பிக்குவான மத்தியூ ரிக்கார்ட் பங்களித்து, மூளை ஆய்வாளர்களான டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் 2010-களில் வெளியிட்ட ஆய்வுகளில், பிறர் வலியை அப்படியே உணரும் பயிற்சி எடுத்தவர்களின் மனநிலை மோசமானது. அதே ஆட்கள் பின்னர் கருணைப் பயிற்சி எடுத்தபோது நிலைமை திரும்பியது. மூளையில் தூண்டப்பட்ட பகுதிகளும் வேறாக இருந்தன. சேர்ந்து மூழ்குவது களைப்பைத் தருகிறது, கரையேற்ற விரும்புவது தெம்பைத் தருகிறது.

## வழி 3: இடம் மாறி நிற்பது

எட்டாம் நூற்றாண்டு நாளந்தாவில் வாழ்ந்த சாந்திதேவரின் போதிசர்யாவதாரம் இந்த வழியின் மூலநூல். "உலகில் துன்பப்படுவோர் அனைவரும் தன் இன்பத்தை விரும்பியே துன்பப்படுகிறார்கள், இன்பமாக இருப்போர் அனைவரும் பிறர் இன்பத்தை விரும்பியே இன்பமாக இருக்கிறார்கள்" என்பது அதன் எட்டாம் அத்தியாயத்தில் வரும் புகழ்பெற்ற பாடலின் கருத்து. (உண்பதும் உறங்குவதும் ஒதுங்கப் போவதும் தவிர இவருக்கு வேறு வேலையே இல்லை என்று சக பிக்குகள் இவரைக் கேலி செய்ததாக ஒரு மரபுக்கதை உண்டு. பிறர் நலத்தை இவ்வளவு தீவிரமாகப் பாடியவர் ஊருக்குச் சோம்பேறியாகத் தெரிந்திருக்கிறார்.)

அவருடைய வாதம் உணர்ச்சியைத் தூண்டுவதில்லை, தர்க்கத்தில் நிற்கிறது. பிறர் வலி எனக்கு வலிக்காதே, ஏன் தடுக்க வேண்டும் என்கிறாயா? காலில் தைத்த முள் கையை வலிக்கச் செய்வதில்லை; கை ஏன் போய் எடுக்கிறது? நாளைக்கு வலிக்கப்போகும் "நீ"யும் இன்றைய நீ அல்லவே, அவனுக்காக ஏன் இன்றே சேர்த்து வைக்கிறாய்? "நான்" என்பது வரிசையையும் படையையும்போல ஒரு தொகுப்புப் பெயர்தான் என்றால், துன்பத்துக்கு உரிமையாளர் என்று யாருமில்லை. உரிமையாளர் இல்லாத துன்பத்தை, அது துன்பம் என்பதற்காகவே நீக்க வேண்டும். இதற்கு இன்றும் தத்துவத் துறையில் மறுப்புகள் எழுதப்படுகின்றன. உரிமையாளரே இல்லையென்றால் யாருக்காக நீக்குவது என்ற எதிர்க்கேள்வி வலுவானது. ஆனாலும் தன் எதிர்காலத்தின்மேல் ஒருவர் வைத்திருக்கும் அக்கறையும் ஒருவகைப் பிறர் நலமே என்ற அந்த இடத்தைக் கடந்துவிட்டால், சுயநலத்தின் கோட்டைச் சுவர் முன்புபோல நேராக நிற்பதில்லை.

அதன் பிறகு வரும் பயிற்சிதான் அசாத்தியமானது. உன்னைவிடக் கீழே இருக்கும் ஒருவரின் இடத்தில் போய் நின்று, அங்கிருந்து உன்னையே பொறாமையோடு பார் என்கிறார். "அவனுக்கு மரியாதை, எனக்கு இல்லை. அவனைப் புகழ்கிறார்கள், என்னை இகழ்கிறார்கள். நான் உழைக்கிறேன், அவன் சுகமாக உட்கார்ந்திருக்கிறான்." பரிவோடு பிறரைப் பார்ப்பதில் இருக்கும் மெல்லிய மேட்டிமை இதில் உடைந்துவிடுகிறது. நீங்கள் யாருக்கு உதவுகிறீர்களோ அவர் கண்ணில் நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்று பத்து நிமிடம் பார்த்தால் போதும். நான்கு வழிகளிலும் செருக்கை இவ்வளவு கிட்டே போய்ப் பிடிக்கும் வேறு உத்தியை நான் அறியேன்.

திபெத்தில் இது லோஜோங் என்ற மனப்பயிற்சி மரபாக வளர்ந்தது. வெற்றியைப் பிறருக்குக் கொடு, தோல்வியை நீ ஏற்றுக்கொள் என்ற ஆசான் லங்ரி தங்பாவின் (1054–1123) வரி, பின்வந்த ஆசான் செகாவா யேஷே தோர்ஜேயை (1101–1175) உலுக்கியது. ஏழு அம்சங்களாக அவர் தொகுத்த பயிற்சியில் டோங்லென் உண்டு: உள்மூச்சில் பிறர் துன்பத்தை வாங்குவது, வெளிமூச்சில் தன் நலத்தைக் கொடுப்பது. "எல்லாப் பழியையும் ஒன்றின்மேல் போடு" என்பது அவருடைய வாசகங்களில் ஒன்று. அந்த ஒன்று, தன்னையே போற்றிக்கொள்ளும் மனம். "கைத்தட்டலை எதிர்பார்க்காதே" என்பது கடைசி வாசகம்.

மறைமுக விலை இந்த வழியில்தான் மிக அதிகம். வீட்டிலோ வேலையிடத்திலோ ஏற்கெனவே மிதிபடுகிற ஒருவர், "பழியெல்லாம் என்மேல்", "தோல்வி எனக்கு" என்று பயில ஆரம்பித்தால், அடிப்பவருக்கு அது வசதியாகப் போய்விடும். அடிப்பவர் தொடர்ந்து அடிப்பது அவருக்கும் கேடு என்பதால் பௌத்தக் கணக்கிலும் இது நட்டமே. மூலநூல்களில் தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. கருணை இன்னும் தூய்மையாகாத நிலையில் உயிரைக் கொடுக்கப் போகாதே என்கிறார் சாந்திதேவர். அற்பக் காரணத்துக்காக, நல்லறம் செய்யும் உடலை வதைக்காதே என்கிறார். செகாவாவின் வாசகங்களோ, துன்பத்தை வாங்குவதை உன்னிடமிருந்தே தொடங்கு என்கின்றன: முதலில் நாளைய உன் துன்பத்தை இன்றே ஏற்றுப் பழகு, பிறகு அடுத்தவருடையது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், வசதியாக இருப்பவர்களுக்கு. அதிகாரம் உள்ளவர்கள், பாராட்டுக்குப் பழகியவர்கள், "நான் நியாயமானவன்" என்ற எண்ணத்தில் திளைப்பவர்கள் இதை எடுத்தால் பலன் உடனே தெரியும். கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் தனியாக இதில் இறங்க வேண்டாம். அனுபவமுள்ள வழிகாட்டி தேவைப்படும் வழி இது.

## வழி 4: கையால் தொடங்குவது

அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். மறு ஆண்டு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் அவர் ஒரு கேள்வியை நேராகப் போடுகிறார்: பிக்கு என்பவர் முழுமைபெற்ற மனிதரா, சமூகத் தொண்டரா? முழுமைபெற்ற மனிதர் மட்டும் என்றால் அவரால் பயனில்லை, ஏனென்றால் முழுமைபெற்றிருந்தாலும் அவர் சுயநலக்காரர். சமூகத் தொண்டர் என்றால் பௌத்தத்தின் நம்பிக்கையே அவர்தான். முதல் வழியின்மேல் இதைவிடக் கூர்மையான கத்தி வீசப்பட்டதில்லை. கொள்ளிக்கட்டை வரிசையும் இதுவும் நேருக்கு நேர் மோதுகின்றன. சமாதானம் செய்துவைப்பதைவிட மோதலை அப்படியே பார்ப்பது நல்லது. ஆசையை வேரறுப்பவரைப் பற்றிப் பேசுகிறது சுத்தம். நூற்றாண்டுகளாக மிதிக்கப்பட்ட மக்களுக்கு முன்னால் கண்மூடி அமர்ந்திருப்பவரைப் பற்றிப் பேசுகிறார் அம்பேத்கர்.

தமிழில் இந்த வழியின் பெருநூல் மணிமேகலை. "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சற்று முன்னால் வருவதுதான் நம் கேள்விக்கு நெருக்கமானது: "ஆற்றுநர்க்கு அளிப்போர் அறவிலை பகர்வோர்." திருப்பித் தர வல்லவர்க்குக் கொடுப்பவர் அறத்தை விலைக்கு விற்கிறார். உதவியைப் பெறுபவர்களின் பட்டியலை எடுத்து, அதில் எத்தனை பேர் எப்போதாவது உங்களுக்குப் பயன்படக்கூடியவர்கள் என்று எண்ணிப் பார்த்தால், உங்கள் கருணையில் வணிகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

காப்பியத்தின் நடைவரிசையும் சொல்லத்தக்கது. மணிமேகலை முதலில் அமுதசுரபியால் பசி தீர்க்கிறாள், சிறையை அறக்கோட்டமாக்குகிறாள். தத்துவ விசாரணையும் பவத்திறம் அறுக (பிறவித் தளை அறுக) என நோற்பதும் கடைசிக் காதைகளில்தான் வருகின்றன. அதே பாத்திரத்தை அவளுக்கு முன் ஏந்திய ஆபுத்திரனின் முடிவு வேறு. நாடு செழித்து உண்ண ஆளில்லாமல் போய், கப்பலும் கைவிட்டு, மணிபல்லவத் தீவில் தனித்து நின்றபோது, உலகை ஊட்டிய பாத்திரத்தில் தான் மட்டும் உண்பதைப் பொறுக்காமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் நீத்தான். காப்பியம் அவனை உயர்த்தியே பாடுகிறது, மறுபிறவியில் சாவகத்து மன்னனாக்குகிறது. எனக்கு மட்டும் கொள்ளையர் சோதனை நினைவுக்கு வந்து உறுத்துகிறது: நால்வரில் தன்னை மட்டும் விட்டுக்கொடுத்தவன் அவன். ஊட்டுவதையே தன் அடையாளமாக்கிக்கொண்டவருக்கு, ஊட்ட யாரும் இல்லாத நாள் தாங்க முடியாததாகிவிடுகிறது. தொண்டு வழியில் "நான்" ஒளியும் இடம் அது.

களைப்பு, இதன் இன்னொரு விலை. வியட்நாம் போரின்போது குண்டுவீச்சில் அழிந்த கிராமங்களைத் திரும்பக் கட்டிய இளைஞர் தொண்டுப் பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவர் திக் நாட் ஹான். 1974-இல் அந்தத் தொண்டர்களுக்காக அவர் எழுதிய நீண்ட கடிதம் பாத்திரம் கழுவுவது, மூச்சைக் கவனிப்பது, வாரத்தில் ஒரு நாளை விழிப்புணர்வுக்கென ஒதுக்குவது பற்றியது. போர்க்களத்தில் நின்றவர்களுக்கே அந்த ஒரு நாள் தேவைப்பட்டது.

அளவைப் பற்றித் தைவான் அனுபவம் ஒன்று. பிக்குணி செங் யென் 1966-இல் ட்சூ சி அமைப்பைத் தொடங்கியபோது, முப்பது இல்லத்தரசிகள் மூங்கில் உண்டியலில் தினமும் ஐம்பது காசு போட்டு வந்தார்கள். மாதம் ஒருமுறை மொத்தமாகத் தந்தால் என்ன என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. கொடுக்கும் எண்ணம் தினமும் எழ வேண்டும் என்பது அவர் கணக்கு. தொகையில் மாற்றமில்லை, மனத்தில்தான் முப்பது மடங்கு வேறுபாடு.

## ஒரே பார்வையில்

| | தன்னைச் சீர்செய்தல் | மெத்தா | இடம் மாறல் | தொண்டு |
|---|---|---|---|---|
| "நான்" ஒளியும் இடம் | "என் அமைதி", "என் முன்னேற்றம்" | பொதுவான இனிமை | தியாகப் பெருமை, தன்னிழிவு | தவிர்க்க முடியாதவர் என்ற நினைப்பு |
| தாக்குப்பிடிப்பு | நன்று | மிக நன்று | வழிகாட்டி இருந்தால் | ஓய்வு இல்லையேல் குறைவு |
| பிறருக்குக் கிடைப்பது | தாமதமாக, மறைமுகமாக | நடத்தை மாறினால் மட்டும் | உறவுகளில் விரைவாக | உடனே, கண்முன் |
| விலை கொடுப்பவர் | குடும்பம் | பெரும்பாலும் யாருமில்லை | பயில்பவர் | குடும்பமும் பயில்பவரும் |

## யார் எதை எடுப்பது

என் தீர்மானம் இதுதான்: உங்களுக்கு எது இயல்பாகப் பிடித்திருக்கிறதோ அதைச் சந்தேகப்படுங்கள். உள்ளொடுங்கிய சுபாவம் உள்ளவருக்கு முதல் வழி இனிக்கும். அவருடைய "நான்" அங்கே நன்றாகச் சாப்பிட்டு வளரும். நாலு பேர் நடுவில் இருந்தால்தான் மூச்சு வரும் என்பவருக்குத் தொண்டு இனிக்கும். ஆகவே பல ஆண்டுகளாக உட்கார்ந்து பயில்பவர் எழுந்துபோய், தனக்கு எதையும் திருப்பித் தர இயலாத ஒருவருக்கு, பெயர் தெரியாமல், வாரம் ஒரு வேலை செய்யட்டும். ஓய்ந்துபோன தொண்டர் ஆறு மாதம் பொறுப்புகளைக் குறைத்துக்கொண்டு உட்காரட்டும். இதைச் சுயநலம் என்று யாராவது சொன்னால் கழைக்கூத்தாடியின் சீடனை நினைத்துக்கொள்ளலாம்.

நோயாளியை வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்பவருக்கு ஏற்கெனவே நான்காம் வழி வாய்த்துவிட்டது. அவருக்கு இடம் மாறும் பயிற்சி கூடுதல் சுமை. மெத்தாவே பொருத்தம், அதிலும் வரிசையின் முதல் ஆளை அவசரமாகத் தாண்டிப் போகாமல் இருப்பது முக்கியம். நோயாளியின் துயரத்தைத் தானும் சேர்ந்து சுமந்தால்தான் அன்பு என்று அவரிடம் யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். அது பக்கத்துப் பகை.

குறிப்பிட்ட ஒருவரை மன்னிக்க முடியாமல் தவிப்பவர் மெத்தாவில் பகைவரிடம் நேராகப் பாய வேண்டாம். புத்தகோசரின் வரிசை அதற்காகத்தான். அந்த ஆள் இன்னும் தீங்கு செய்துகொண்டிருந்தால், முதலில் விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டுப் பிறகு தியானத்தைப் பற்றி யோசிக்கலாம்.

பணமும் பதவியும் செல்வாக்கும் உள்ளவர் "நான் தியானம் செய்கிறேன், அதனால் நல்ல மேலாளராகிவிட்டேன்" என்று சொன்னால், அவருக்கு சாந்திதேவரின் பொறாமைப் பயிற்சியைப் பரிந்துரைப்பேன். தனக்குக் கீழே வேலை செய்பவரின் நாற்காலியிலிருந்து தன்னைப் பார்க்கட்டும்.

தலாய் லாமா அடிக்கடி சொல்லும் "சுயநலமாக இருப்பதென்றால் புத்திசாலித்தனமான சுயநலமாக இருங்கள்" என்ற அறிவுரை இவர்களில் யாருக்கும் கெடுதல் செய்யாது. பிறர் நலம் நாடினால் தனக்கே முதல் பலன் என்பது அதன் சாரம். தொடங்குவதற்கு நல்ல படிக்கட்டு. ஆனால் அங்கேயே குடியேறிவிட்டால், பலன் தெரியாத நாளில் கருணையும் நின்றுவிடும்.

## எவ்வளவில் தொடங்குவது

சாந்திதேவர் ஏழாம் அத்தியாயத்தில் இதற்கு நடைமுறை விடை வைத்திருக்கிறார். வழிகாட்டி முதலில் கீரை காய்கறி போன்றவற்றைக் கொடுக்கச் சொல்கிறார். படிப்படியாகப் பழகிய பிறகுதான் சொந்தத் தசையைக் கொடுக்கும் பேச்சே வருகிறது. சதையைக் கொடுத்த கதைகளைக் கேட்டு நேராக அங்கே தாவுகிறவர்கள்தான் இரண்டே வருடத்தில் கசந்துபோய்த் திரும்பி வருகிறார்கள். கொடுத்த பிறகு மனம் கணக்குப் பார்க்காத அளவு எதுவோ அதுவே இப்போதைய அளவு.

ஒரு வழியை எடுத்தால் குறைந்தது மூன்று மாதமாவது அதிலேயே இருங்கள். நான்கையும் கலந்து அடித்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. பிறகு, உங்களோடு ஒரே கூரைக்குக் கீழ் வாழ்பவரிடம் என்ன மாற்றம் தெரிகிறது என்று கேளுங்கள். தியானத்தில் தெரிந்த ஒளியைவிட அவர் சாட்சியம் நம்பகமானது. ஒரு வித்தியாசமும் இல்லை என்றால் வழியை மாற்றுங்கள். முன்பைவிட எரிந்து விழுகிறீர்கள் என்றால் வழி அதுவே இருக்கட்டும், அளவைப் பாதியாக்குங்கள்.